புகைப்புரையில் உலர்த்தியது

பாறசாலை
24 ஜூன் 2025

அன்புள்ள விலாசினிக்கு,

உன் தொண்டைக்குக் கர்த்தர் சீக்கிரம் சுகம் தரட்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கச் சொன்னேன். பாஸ்டர் "அது எந்தச் சபை ஆளு?" என்று கேட்டார். "சபையில்லாத ஆளாக்கும், ஆனா மூச்சு உண்டு, அதுக்கு ஜெபிச்சாப் போதும்" என்றேன். சிரித்துவிட்டு ஜெபித்தார்.

போன் செய்தால் ஆர்யா எடுக்கிறாள். "அம்மைக்குப் பேச ஒக்காது" என்று சொல்லி, நான் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் வைத்துவிடுகிறாள். உன் மகளுக்கு என்மேல் கோபம். இருக்கட்டும், கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. ஆனால் உனக்கும் எனக்கும் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். உன் மருமகன் அஜேஷ் தினமும் ஸ்டேஷன் பக்கத்து டயர் கடைக்கு வருகிறவன்தானே, அவன் வசம் கொடுத்துவிடுகிறேன். நீயும் எழுதிக் கொடுத்தனுப்பு. பள்ளிக்கூடத்தில் என்னைவிட நீ ஒரு வகுப்பு இளையவள். ஆனாலும் தமிழ்க் கட்டுரை எழுத உன்னைத்தான் தேடி வருவேன், நினைவிருக்கிறதா?

இந்தக் கடிதத்தோடு ஒரு பேட்டரிப் பெட்டியும் வருகிறது. உங்கள் ஒற்றசேகரமங்கலத்தில் நாலு காற்று அடித்தால் ரப்பர் மரம் கம்பி மேலே விழும், கரண்டு போகும். நெபுலைசர் நிற்கக்கூடாது. இதில் மாட்டினால் ராத்திரி முழுக்க ஓடும். நம்முடைய ஷெட்டில் செய்த பெட்டிதான், என் மகன் ஜிபின் சோதித்துப் பார்த்தது. விலை பேசி என்னைச் சங்கடப்படுத்தாதே.

இனி காரியத்துக்கு வருகிறேன். அடுத்த வாரம் தொழிற்சாலை ஆபீசர் வருகிறார். நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஷெட்டின் கூரை ஒழுகி, பழைய ஸ்கூட்டர் பேட்டரியில் இருந்து நீங்கள் பிரித்து வைத்திருந்த செல்கள் நனைந்தன. பின்பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்துகிற பழைய புகைப்புரை சும்மா கிடந்தது. நீ செல்களைத் தட்டில் பரப்பி, ஷீட் தொங்கவிடும் கம்புகள் மேல் அடுக்கி, அடியில் சிரட்டை நெருப்புப் போட்டாய். வெடித்தது. தட்டை வெளியே இழுக்க உள்ளே போனாய், புகை உன் தொண்டையில் இறங்கியது. இதில் மறைக்க ஒன்றும் இல்லை.

ஜிபின் ஒன்று சொல்கிறான். "இதை நானாகவே செய்தேன்" என்று நீ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் ஷெட் மூடாமல் தப்பும். உன்மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஷெட்டில் வேலை செய்யும் பெண்களுக்கும் அதுதானே சோறு. யோசித்து எழுது.

ஷெட்டில் உன் ஸ்டூலில் யாரும் உட்காரவில்லை. ஜீனா உட்காரப் பார்த்தாள், நான் விரட்டினேன்.

உன்,
சுகிர்தம்


ஒற்றசேகரமங்கலம்
26 ஜூன் 2025

பிரியமுள்ள சுகிர்தக்காவுக்கு விலாசினி எழுதிக்கொள்வது.

இங்கே எல்லாரும் நலம், என் தொண்டையைத் தவிர. மருந்தைப் புகையாக்கி இழுக்கிறேன். புகையால் வந்த நோய்க்குப் புகையே மருந்து என்று அஜேஷ் கிண்டல் செய்கிறான். கஞ்சி இறங்குகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. டாக்டர் காத்திருக்கச் சொல்கிறார். எவ்வளவு நாள் என்று கேட்டால் கூரையைப் பார்க்கிறார்.

பெட்டி வந்தது. நேற்று மாலை இரண்டு மணிநேரம் கரண்டு இல்லை, நெபுலைசர் நிற்காமல் ஓடியது. ஆர்யாவே "அவங்களுக்கு இதாவது தோணிச்சே" என்றாள். அவள் வாயில் இருந்து அவ்வளவு வந்ததே பெரிசு. பெட்டியை என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறோம். பேரன் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு படம் பார்க்கிறான். ஓடி முடித்தபிறகும் கொஞ்சம் சூடாகவே இருக்கிறது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்றான் அஜேஷ்.

அந்தச் சூடுதான் எனக்கு நேற்றிலிருந்து ஒரு யோசனையைக் கொண்டுவந்தது.

நீ எழுதியதில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. வெடித்தது இரண்டாவது தடவை அடுக்கிய தட்டுகள். அதற்கு முந்தின நாளே நான் ஒரு தட்டை உலர்த்திப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை, மீட்டரில் எல்லாம் நன்றாகவே காட்டியது. உன்னைப் போனில் கூப்பிட்டு, "அக்கா, புகைப்புரையில வச்சுப் பார்த்தேன், ஷீட்டு போல நல்லா காஞ்சிருக்கு" என்று சொன்னேன். நீ சொன்னது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "நல்ல புத்தி மக்கா. மிச்சத்தையும் போடு."

நான் செய்தேன் என்பது உண்மைதான். மழைக்காலத்தில் நனைந்தது எதைப் பார்த்தாலும் நம்மளைப் போல ஆட்களுக்குப் புகைப்புரைதான் ஞாபகம் வரும். ஆனால் நானாக மட்டும் செய்யவில்லை. கையெழுத்தை நான் பிறகு யோசிக்கிறேன்.

இப்போது என் கேள்வி வேறு. அந்த முதல் தட்டுச் செல்களை நான் நல்ல செல் டப்பாவில்தான் போட்டேன். அது எந்தப் பெட்டிக்குள் போனது?

ஜிபினிடம் கேட்டுச் சொல். தாமதிக்காதே.

விலாசினி


பாறசாலை
27 ஜூன் 2025

அன்புள்ள விலாசினி,

நேற்று உன் கடிதத்தை வாசித்த கையோடு அஜேஷைப் போனில் பிடித்து, பெட்டியை வெளியே எடுக்கச் சொன்னேன். எதற்கு என்று கேட்டான். "கேள்வி பிறகு, முதல்ல எடு மக்கா" என்றேன். எடுத்துவிட்டதாக அவன் திருப்பிக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் நான் தண்ணீர் குடித்தேன்.

ஜிபினிடம் கேட்டேன். அவன் கம்ப்யூட்டரில் தேடினான், பிறகு தலையைச் சொறிந்தான். முதல் தட்டுச் செல்கள் அந்த வாரம் கட்டிய ஆறு பெட்டிகளில் கலந்து போயிருக்கின்றன. உனக்கு அனுப்பியது அதில் ஒன்று. நம்மிடம் இருந்ததிலேயே புதுசாகப் பார்த்து நானே என் கையால் எடுத்துத் துடைத்து அனுப்பினேன். அதை இங்கே விரிவாக எழுதப்போவதில்லை.

உன்னிடம் நேராகவே சொல்கிறேன். "மிச்சத்தையும் போடு" என்று நான் சொன்னேன். சொல்லவில்லை என்று உன்னிடம் ஒருநாளும் சொல்லமாட்டேன். ஆபீசரிடம் சொல்வது வேறு விஷயம். நான் சைக்கிளில் பழைய பேப்பர் எடுக்க ஆரம்பித்தபோது பாறசாலையில் ஒரு பெண் பழைய சாமான் வாங்குகிற ஆக்ரிக்கடை போடுவாள் என்று யாராவது நினைத்தார்களா? ஒவ்வொரு தடவையும் எதைச் சொல்ல வேண்டும், எதை விழுங்க வேண்டும் என்று தெரிந்ததால்தான் இங்கே நிற்கிறேன்.

மற்ற ஐந்து பெட்டிகளுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டேன். "ஓணம் சலுகை, பழைய பெட்டியைக் கொடுத்தால் பெரிய பெட்டி இலவசம்" என்று போர்டு வைக்கப் போகிறேன். தாமாகவே தூக்கிக்கொண்டு வருவார்கள். யாருக்கும் பயம் இல்லை, கடைக்கும் பெயர் கெடாது. காரணத்தைச் சொன்னால் இனி எவனும் என்னிடம் ஒரு பழைய பாட்டில்கூடப் போடமாட்டான். ஐந்தில் நாலு, தனுவச்சபுரம் பொன்னையன், களியக்காவிளை டீக்கடை, கோழிப் பண்ணை என்று கணக்கில் உண்டு, ஒன்று மட்டும் யாரிடம் போனது என்று தெரியவில்லை. ஜெபக் கூட்டம் நடந்த கன்வென்ஷன் மைதானத்தில் நாம் போட்ட ஸ்டாலில் விற்றது.

ஜிபின் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "அம்மா, ஒரு செல்லுக்கும் ஒண்ணும் ஆகாது, சும்மா பேடிக்காதீங்க" என்கிறான். பேடிக்கிறேன்தான், பயம் இல்லாமல் இருக்குமா?

பெட்டியை மழையில் வைக்காதே. மணல் போட்டு வை.

சுகிர்தம்


ஒற்றசேகரமங்கலம்
1 ஜூலை 2025

சுகிர்தக்கா,

பெட்டியை அஜேஷ் மாட்டுத் தொழுத்துக்கு வெளியே சிமெண்டுத் தரையில் வைத்து, சுற்றி மணல் சாக்குப் போட்டான். பிறகு எல்லாரும் மறந்துவிட்டார்கள். நான் மட்டும் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆர்யா அடுக்களையில் இருந்தாள். பேரன் முற்றத்தில் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் பக்கத்தில் படுத்திருந்தேன். ஒரு சீறல் கேட்டது. குக்கர் விசில் அடிக்கும் முன்னால் கேட்குமே, அப்படி. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு இரண்டாவது முறை சொல்லித்தர வேண்டாம். "பிள்ளையைத் தூக்கு" என்று கத்தினேன். வெறும் காற்றுதான் வந்தது. கட்டிலில் இருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்து ஜன்னல் கம்பியில் ஓங்கி ஓங்கி அடித்தேன். ஆர்யா ஓடி வந்து என் முகத்தைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் பிள்ளை அவள் இடுப்பில் இருந்தான். அப்புறம்தான் வெடித்தது. வெள்ளைப் புகை தொழுத்தின் கூரையைத் தாண்டி ஏறியது. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது, சாயங்காலம்தான் பிடித்தோம்.

நீ போன் செய்யாவிட்டால் அது என் கட்டிலுக்கு அடியில் இருந்திருக்கும். அதற்கு உனக்கு நன்றி. மனசார சொல்கிறேன்.

ஆனால் அக்கா, நீ அஜேஷிடம் உடனே எடு என்றாய். தனுவச்சபுரத்தில் ஜெராக்ஸ் கடை பொன்னையனிடம் என்ன சொல்கிறாய்? ஓணத்துக்கு வா, பெரிய பெட்டி தருகிறேன் என்கிறாய். ஓணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் உண்டு. அதுவரைக்கும் அந்தப் பெட்டி அவன் கடையில் பேப்பர்க் கட்டுக்கு நடுவில் இருக்கும். சலுகைக்கு வருகிறவன் தனக்கு வசதிப்பட்ட நாளில்தான் வருவான். காரணம் தெரிந்தவன்தான் இன்றைக்கே தூக்கி வெளியே வைப்பான். நீ வியாபாரி, இது உனக்குத் தெரியாததா?

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் புகைப்புரையைச் சொல்ல வேண்டும். புகைப்புரையைச் சொன்னால் "மிச்சத்தையும் போடு" என்பதையும் சொல்ல வேண்டும். அதனால்தான் சலுகை என்கிறாய். எனக்குப் புரிகிறது. என்னிடம் கேட்ட கையெழுத்தும் இதுவும் ஒன்றேதான்.

கையெழுத்து நான் போடமாட்டேன். சத்தம் இல்லாதவள் என்றால் என்ன வேண்டுமானாலும் எழுதி வாங்கலாம் என்று ஜிபின் நினைக்கலாம். நீ நினைக்கக்கூடாது.

விலாசினி


பாறசாலை
20 ஜூலை 2025

அன்புள்ள விலாசினி,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம், எழுத ஒன்றும் இல்லாமல் இருந்ததல்ல. ஓடிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே ஜீப்பில் மணல் வாளி ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். முதலில் பொன்னையன். கடையில் ஆட்கள் நின்றார்கள், அவர்கள் முன்னாலேயே சொன்னேன். பெட்டி உண்மையாகவே பேப்பர்க் கட்டுக்கு நடுவில்தான் இருந்தது. "முப்பது வருசமா உன்கிட்ட பேப்பர் போட்டவனாக்கும் நான். பேட்டரிப் பெட்டின்னு சொல்லி எனக்கே தீப்பெட்டி வித்திருக்கியே" என்றான். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பெட்டியைத் தூக்கி வாளியில் வைக்கும்போது அவனே வந்து ஒரு பக்கம் பிடித்தான். அதுவரைக்கும் மரியாதை இருந்தது.

களியக்காவிளை டீக்கடையில் அதுவும் இல்லை. கோழிப் பண்ணைக்காரன் தன்னிடம் இருந்த இரண்டு பெட்டியையும் ரோட்டில் எறிந்தான். எறியாதே என்று கெஞ்சி எடுத்தேன். என் ஐம்பத்தெட்டு வயதில் நான் யாரிடமும் கெஞ்சியதில்லை, உனக்குத் தெரியும்.

ஆபீசர் வந்தார். ஷெட் வாசலில் ஜிபின் மாட்டியிருந்த பேனரை நின்று வாசித்தார். சர்குலர் எக்கானமி, ஒன்றும் வீணாகாது, எல்லாம் திரும்ப வரும் என்று எழுதியிருக்குமே, அதுதான். பார்த்துவிட்டு, "சாமான் திரிச்சு வரும், செரி. புகை குடிச்ச ஆளு திரிச்சு வருமா?" என்று கேட்டார். ஜிபின் ஏதோ இங்கிலீஷில் ஆரம்பித்தான். நான் அவனை நிறுத்திவிட்டு, நடந்ததைச் சொன்னேன். முதல் தட்டு, உன் போன், என் பதில், இரண்டாவது தட்டு, எல்லாம். கையெழுத்து நான் போட்டேன்.

ஷெட்டைப் பூட்டிவிட்டார்கள். செல்லைத் தொடாமல் பாட்டிலும் இரும்பும் மட்டும் பிரிக்கலாம். பெண்கள் அதில் இருக்கிறார்கள். ஜீனா அன்றைக்குத்தான் வாய் திறந்தாள், பெட்டி ஒட்டுகிற அறையில் மதியம் ஆனால் எல்லாருக்கும் தலை சுற்றுமாம், கண் எரியுமாம். "ஏம்ட்டி இவ்வளவு நாளும் சொல்லல?" என்றேன். "விலாசினி சேச்சியே சகிச்சுக்கிட்டு இருந்தாங்க, நாங்க எப்படிச் சொல்ல?" என்கிறாள். நீயும் சொல்லவில்லையே விலாசினி. நான் அந்த அறைக்குள் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நின்றதே இல்லை, எனக்கு எப்படித் தெரியும்? பழைய இரும்பு கையைக் கிழித்தால் ரத்தம் தெரியும். இந்தப் புதுத் தொழிலில் ஒன்றும் கண்ணில் தெரிவதில்லை. வாசலில் பேனர், உள்ளே சுத்தமான மேசை, இதில் ஆபத்து எங்கே என்று நான் நினைத்துவிட்டேன்.

ஜிபின் கோபித்துக்கொண்டு மனைவி வீட்டுக்குப் போய்விட்டான். வருவான்.

இனி அந்தக் கடைசிப் பெட்டி. யார் வாங்கியது என்று தெரியவில்லை. தமிழிலும் மலையாளத்திலும் நோட்டீஸ் அடித்து, பாறசாலையில் இருந்து மலைப்பக்கம் போகிற பஸ்களில் எல்லாம் ஒட்டினேன், கொடுத்தேன். இப்படி எழுதியிருக்கிறேன்: "பாறசாலை ஆக்ரிக்கடை சுகிர்தபாய் அறிவிப்பது. கன்வென்ஷன் ஸ்டாலில் எங்களிடம் பேட்டரிப் பெட்டி வாங்கியவர் அதை இன்றைக்கே வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில், தனியாக வைக்கவும். மழையில் நனைந்த செல்களைப் புகைப்புரையில் உலர்த்தி அதில் போட்டிருக்கிறோம். அது தீப்பிடிக்கும். ஒரு பெட்டி ஏற்கெனவே பிடித்தது. தவறு எங்களுடையது." கீழே என் நம்பர்.

நிறையப் பேர் கூப்பிட்டார்கள். பாதிப்பேர் வைகிறார்கள். ஒருவன் என் கடையில் பத்து வருஷம் முன்னால் வாங்கிய ஃபேன் சுற்றவில்லை என்றான். அந்தப் பெட்டிக்காரர் மட்டும் இல்லை.

இன்னொன்று சொல்லட்டுமா? தினமும் வெளிச்சம் மங்குகிற நேரத்தில் ஒரு அழைப்பு வருகிறது. எடுத்தால் பேச்சு இல்லை. மூச்சு மட்டும் கேட்கும். முதல் நாள் நான் நோட்டீஸில் உள்ளது முழுக்கச் சொன்னேன், வைத்துவிட்டார்கள். மறுநாளும் வந்தது. மூன்றாம் நாளில்தான் எனக்குப் புரிந்தது. புதிய நம்பர்தான், ஆனால் உங்கள் வீட்டில் எத்தனை சிம் உண்டு என்று நான் கண்டேனா? திருப்பி நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நீ நிறுத்திவிடுவாய் என்று பயம். அழைப்பு வரும்போதெல்லாம் நான் முழுக்கச் சொல்கிறேன். நனைந்தது, உலர்த்தியது, மிச்சத்தையும் போடச் சொன்னது, எல்லாம். நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அந்த நேரத்துக்காக இப்போதெல்லாம் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

சத்தம் வரும்போது வரட்டும். அவசரம் இல்லை.

உன்,
சுகிர்தம்


ஒற்றசேகரமங்கலம்
21 ஜூலை 2025

அக்கா,

இதை அஜேஷ் உன் கையில் தருவான், வாசிக்கும்வரை அங்கேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்த அழைப்பு நான் இல்லை.

என்னிடம் போன் கிடையாது, ஆர்யாவின் போன் அவள் இடுப்பிலேயே இருக்கும். அஜேஷுக்கும் ஒரே நம்பர்தான், அது உனக்குத் தெரியும். உன்னைக் கூப்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. பொய் சொல்லி உன்னைச் சந்தோஷப்படுத்த இது நேரம் இல்லை.

தினமும் விளக்கு வைக்கிற நேரத்தில் கூப்பிடுகிறவர்கள் யார் என்று யோசி. விளக்கு இல்லாத வீட்டில் இருக்கிறவர்கள். அந்தப் பெட்டியை வைத்திருக்கிறவர்கள். நீ சொல்வதைக் கேட்கிறார்கள், பேசப் பயப்படுகிறார்கள். நீ அது நான் என்று நினைத்து விட்டுவிட்டாய்.

அந்த நம்பருக்கு இப்போதே கூப்பிடு. அஜேஷ் முன்னால் கூப்பிடு. எடுக்காவிட்டால் சிம் யார் பெயரில் என்று போலீஸ் ஸ்டேஷனில் போய்க் கேள்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் புகைப்புரையைப் பிரித்துப் போடு. ஷெட் எப்போதாவது திறந்தால், அடுத்த மழையில் வேறு ஏதாவது நனையும். அப்போது அங்கே நிற்கிறவளுக்கும் எனக்கு வந்த அதே நல்ல புத்தி வரும்.

போ அக்கா.

விலாசினி


பாறசாலை
23 ஜூலை 2025

அன்புள்ள விலாசினி,

அஜேஷ் கொஞ்சம் சொல்லியிருப்பான். மீதியை நான் எழுதுகிறேன்.

அவன் முன்னாலேயே கூப்பிட்டேன். இரண்டு தடவை அடித்து நின்றது. மூன்றாம் தடவை எடுத்தார்கள். அதே மூச்சு. நான் நோட்டீஸைச் சொல்லவில்லை. "மக்கா, நான் பெட்டியைப் பிடுங்க வரல. வெளிச்சத்துக்கு வேற ஒண்ணு கொண்டுவாறேன். எங்க இருக்கேன்னு மட்டும் சொல்லு" என்றேன். "வெள்ளறடைக்கு மேலாக்கும்" என்று ஒரு பெண் சத்தம் கேட்டது.

அஜேஷும் நானும் ஜீப்பில் போனோம். பெயர் ஸ்மிதா. கணவன் ரப்பர் வெட்டுகிறவன். வீட்டுக்கு இன்னும் கரண்டு லைன் இழுக்கவில்லை, பெட்டியையும் போனையும் அவன் வேலை செய்யும் தோட்டத்தில்தான் சார்ஜ் போடுவார்களாம். கைக்குழந்தை. பஸ்ஸில் நோட்டீஸைப் பார்த்த அன்றைக்கே பெட்டியை வெளியே கொண்டுபோய், துணி துவைக்கிற கல்லின்மேல் வைத்து, மேலே ஓட்டைக் குடையைக் கவிழ்த்திருக்கிறாள். நாங்கள் போனபோது அது பக்கவாட்டில் பொரித்த பப்படம் போல உப்பி நின்றது.

"பின்ன ஏம் பிள்ள தினமும் கூப்பிட்டே? கூப்பிட்டும் ஏன் பேசல?" என்று கேட்டேன்.

"பேசினா வந்து எடுத்துட்டுப் போயிருவீங்க. வேற வெளிச்சம் இல்ல. இருட்டு வாறப்ப எல்லாம், இன்னைக்காவது 'இனி உள்ள வச்சுக்கிடலாம்'னு சொல்லுவீங்கன்னு நெனச்சுக் கூப்பிடுவேன். நீங்க ஒரு நாளும் சொல்லல" என்றாள்.

அவள் நம்பிக்கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள், நான் உன் முகத்தை நினைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தேன். உன்னிடம் பேசுவதாக நினைத்ததால்தான் ஒரு நாளும் ஒரு வார்த்தையைக் குறைத்துச் சொல்லவில்லை. வேறு யாரோ என்று நினைத்திருந்தால், தொல்லை ஒழியட்டும் என்று என்ன சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. சலுகை போர்டை வைத்திருந்தால் அந்தப் பெட்டி குழந்தையின் பாய்க்குப் பக்கத்தில் இருந்திருக்கும். அதை நீ சொல்லாமலேயே நான் சொல்லிவிடுகிறேன்.

பெட்டியை மணலில் புதைத்து எடுத்து வந்தோம். அவளுக்குப் புதிய சோலார் விளக்கு ஒன்று, கடையில் வாங்கியது, கொடுத்தேன். அதையும் கல்லின்மேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோனாள்.

நேற்று ஆள் வைத்துப் புகைப்புரையைப் பிரித்தேன். கம்பு எல்லாம் நல்ல ஆஞ்சிலி மரம். கரி படிந்திருந்தாலும் விலை போகும், கேட்டு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். விற்கவில்லை. விறகுக்கும் கொடுக்கவில்லை, அதில் என்ன படிந்திருக்கிறதோ. பழசு எதையும் தூக்கிப் போடாமல் பிழைத்தவள் நான். இதை என்ன செய்வது என்று ஆபீசரிடம்தான் கேட்டிருக்கிறேன். அதுவரை தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கிறது, பக்கத்தில் யாரையும் விடுவதில்லை.

நேற்று வெளிச்சம் மங்குகிற நேரத்தில் என்னை அறியாமல் போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை. வராது என்று தெரியும். ஸ்மிதாவுக்கு விளக்கு கிடைத்துவிட்டது.

நீ கூப்பிடவில்லை, தோன்றவும் இல்லை என்று எழுதினாய். நல்லது. இனி நீ கூப்பிட்டதாக நான் நினைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நோட்டீஸில் உள்ளதுதான் என் நம்பர், மாற்றவில்லை. எப்போதாவது தோன்றினால் ஆர்யாவின் போனை வாங்கி அடி. உனக்குச் சத்தம் வர வேண்டும் என்று இல்லை. நான் பேசுகிறேன், நீ அந்தச் சாப்பாட்டுத் தட்டை மட்டும் ஒரு தடவை தட்டு.

சுகிர்தம்